பேட்ஃபிங்கர்: பாட்டு ஊருக்கு வந்தது, பெயர் வரவில்லை

ஈரோட்டில் கல்லூரி நண்பர்கள் இருவரோடு கிட்டார் வாசித்துப் பாடிவரும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். கூட்டுக்குரலில் சிறந்து விளங்கியும் உரிய பெயர் பெறாத ராக் குழு என்று யாரைச் சொல்வீர்கள் என்பது முதல் கேள்வி. அந்தக் குழுவை நம் பக்கத்து ரசிகர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு நான் பல ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: பேட்ஃபிங்கர். இரண்டாவது கேள்விதான் சற்றுச் சங்கடமானது. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் அந்தக் குழுவின் பாட்டைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அதன் பெயரைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். 1983இல் நான் கோவையில் படித்துக்கொண்டிருந்தபோது, காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ரெக்கார்டிங் சென்டரில், வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், நான்கைந்து நாளில் இசைத்தட்டிலிருந்து சி-60 கேசட்டில் பதிந்து தருவார்கள். நான் பீட்டில்ஸ் பாட்டுகளை மட்டுமே எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியல் தீர்ந்த பிறகும் இரண்டாம் பக்கத்தில் மூன்று நிமிட நாடா மிச்சமிருக்கவே, கடைக்காரர் தாமாக ஒரு பாட்டைச் சேர்த்து, உறையில் அதையும் பீட்டில்ஸ் கணக்கிலேயே பச்சை மையில் எழுதியிருந்தார். அந்தப் பாட்டு 'நோ மேட்டர் வாட்'. வாங்கிய கேசட்டில் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தைத்தான் நான் அதிகம் கேட்டேன். கேட்கக் கேட்கச் சந்தேகமும் வளர்ந்தது. "ஏனுங்கண்ணா, இந்தக் கடைசிப் பாட்டு பீட்டில்ஸ் குரல் மாதிரி இல்லீங்களே?" என்று கடையில் போய்க் கேட்டேன். "அவிங்கதானுங் தம்பி, ஆப்பிள் படம் போட்ட தட்டுதானுங்க அதும்" என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்பது பீட்டில்ஸ் நால்வர் 1968இல் தொடங்கிய நிறுவனம். அதன் தட்டுகளில் ஒரு பக்கம் முழுப் பச்சை ஆப்பிளும் மறுபக்கம் பாதியாக அறுத்த ஆப்பிளும் அச்சாகியிருக்கும். பேட்ஃபிங்கரின் தட்டுகளும் அதே நிறுவனத்திலிருந்து வந்தவையே. கடைக்காரரை விடப் பெரிய காதுகளும் இந்த இடத்தில் ஏமாந்திருக்கின்றன என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குப் பெயர் தெரிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. குன்னூரில் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்தார் வீட்டுச் சாமான்களை விற்றபோது, நண்பனோடு பஸ் ஏறிப் போய், பீங்கான் தட்டுகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே கிடந்த இசைத்தட்டுகளைப் புரட்டினேன். அவற்றில் ஒன்று 1970இல் வந்த 'நோ டைஸ்'. முதல் பக்கத்தின் ஐந்தாவது பாட்டு 'நோ மேட்டர் வாட்', ஆறாவது 'விதவுட் யூ'. அதே பக்கத்தில் மூன்றாவதாக 'லவ் மீ டூ' என்று ஒரு பாட்டின் பெயரைக் கண்டு, இது பீட்டில்ஸ் பாட்டாயிற்றே என்று மறுபடி குழம்பினேன். பெயர்தான் ஒன்று, பாட்டு முற்றிலும் வேறு. இருக்கிற குழப்பம் போதாதென்று தாங்களே ஒரு குழப்பத்தைச் சேர்த்து வைத்தவர்கள் இவர்கள்.

குழுவின் வேர் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரம். அங்கே ஐவி பிளேஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அதைக் கொண்டு 'தி ஐவிஸ்' என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தவர்கள். கிட்டார் வாசித்துப் பாடிய பீட் ஹாமும், தாளக்காரர் மைக் கிப்பின்ஸும் சுவான்சிக்காரர்கள். 1967இல் சேர்ந்த டாம் ஈவன்ஸ் லிவர்பூல்காரர். பீட்டில்ஸின் உதவியாளராக இருந்த மால் ஈவன்ஸ் இவர்களுடைய பாட்டைக் கேட்டுப் பிடித்துப்போய் ஆப்பிளில் சேர்த்துவிட, 1969இல் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி 'கம் அண்ட் கெட் இட்' என்ற பாட்டை இவர்களுக்குக் கொடுத்தார். கொடுத்தவர், எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பாடிப் பதிந்த மாதிரி ஒன்றையும் கையில் தந்து, இம்மி பிசகாமல் இப்படியே பாடுங்கள் என்று கட்டளையும் இட்டார். அந்த மாதிரிப் பதிவு 1996இல் பீட்டில்ஸின் 'ஆந்தாலஜி 3' தொகுப்பில் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இவர்கள் எவ்வளவு பணிவான மாணவர்கள் என்பது தெரியும். பாட்டு வெளிவருவதற்குள் குழுவின் பெயரும் மாறிவிட்டது. பீட்டில்ஸின் ஒரு பாட்டுக்குத் தொடக்கத்தில் இட்டிருந்த 'பேட் ஃபிங்கர் பூகி' என்ற வேலைப்பெயரிலிருந்து எடுத்ததுதான் பேட்ஃபிங்கர். பெயர்கூட இரவல். விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 4ஆம் இடம், அமெரிக்காவில் 7ஆம் இடம் என்று பாட்டு ஏறியது. அதோடு பீட்டில்ஸின் நிழல் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பழைய பேஸ் கிட்டார்காரர் ரான் கிரிஃபித்ஸ் விலக, ஈவன்ஸ் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டார். லிவர்பூல்காரரான ஜோயி மோலண்ட் கிட்டாருக்கு வந்தார். நான் சொல்லும் கூட்டுக்குரல் இந்த நால்வருடையது.

கூட்டுக்குரல் என்றால் என்ன என்பதை நம் பக்கத்தில் பலர் பிழையாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐந்து பேர் ஒரே மெட்டை ஒரே சுரத்தில் பாடினால் அது கோரஸ். பஜனையில் நாம் செய்வது அதுதான். ஹார்மனி என்பது ஒருவர் மெட்டைப் பாடும்போது இன்னொருவர் அதற்கு இரண்டு மூன்று சுரம் மேலேயோ கீழேயோ தனக்கென்று ஒரு வழியில் நடந்து, இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நிறத்தைக் காட்டுவது. நான் தேவாலயப் பாடகர் குழுவில் டெனர் பாடி வளர்ந்தவன். கீர்த்தனைகளை எல்லோரும் ஒரே மெட்டில் பாடுவோம். பாமாலைப் பாட்டுகளுக்கு மட்டும் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு வழி பிரியும். டெனர் வரியை வீட்டில் தனியாகப் பாடிப் பழகினால் அம்மா, "இதென்ன சாமி, பாட்டே இல்லாம ஒரே இடத்துல நின்னு இழுக்கிறே?" என்பார். உண்மைதான்; மற்றவர்கள் ஏறி இறங்கும்போது டெனர் சில வேளை ஒரே சுரத்தில் மரம்போல் நிற்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டெனர் பாட ஆள் வராவிட்டால், சுவரில் செங்கல் உருவிய இடம் மாதிரி ஓர் ஓட்டை தெரியும்.

பேட்ஃபிங்கரிடம் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். ஹாமின் குரல் மென்மையானது, வட்டமானது. சோகமான சொல்லைக்கூட அழுத்தாமல் வைத்துவிட்டுப் போகும். ஈவன்ஸின் குரல் மேலே ஏறும்போது ஓரத்தில் கொஞ்சம் கிழியும். மோலண்டின் குரலில் லிவர்பூல் மூக்கு இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த மூன்று குரல்கள் சேர்ந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். இப்படி வெவ்வேறு தினுசான குரல்கள் சேரும்போதுதான் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்தும் சேர்த்தும் கேட்க முடிகிறது. இளநீருக்குள் வழுக்கை இருப்பதுபோல, ஹாமின் மெட்டுக்குள் ஈவன்ஸின் மேல்குரல் இருக்கிறது, மெல்லும்போதுதான் தெரியும். அவர்கள் குரல்களை அடுக்கும்போது காட்டிய சிக்கனமும் முக்கியம். அன்றைய பல குழுக்கள் பாட்டு முழுக்கக் குரல்களைக் கொட்டி நிரப்பின. இவர்கள் தேவையான சொல் வந்ததும் இரண்டாவது ஆளை உள்ளே விட்டு, வரி முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இதை எனக்குப் புரியவைத்தவன், சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்த நண்பன். படித்த இசை எதுவும் அவனுக்குக் கிடையாது. நைட் ஷிப்டில் ரிங் ஃபிரேம்கள் என்னும் நூற்பு இயந்திரங்கள் ஓடும்போது எழும் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாடிக்கொண்டே சுற்றுவானாம். மெட்டைப் பாடினால் இயந்திரச் சத்தத்துக்குள் குரல் காணாமல் போய்விடுகிறது, அதற்கு மேலே ஒரு சுரத்தைப் பிடித்தால் மட்டுமே தன் குரல் தனக்குக் கேட்கிறது என்று அவன் கண்டுபிடித்ததை, எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. அவன் ஈவன்ஸின் வழியைக் காதாலேயே பிடித்துப் பாடினான்.

'விதவுட் யூ' பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாமிடம் பல்லவி சரியாக அமையாத ஒரு பாட்டு இருந்தது. ஈவன்ஸிடம் பல்லவி மட்டும் இருந்த ஒரு பாட்டு இருந்தது. முடியாத இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கினார்கள். சரணம் ஹாமுடையது, பல்லவி ஈவன்ஸுடையது. 'நோ டைஸ்' தட்டில் கேட்டால் அது ஒன்றும் ஆர்ப்பாட்டமான பாட்டு அல்ல. பல்லவியிலும் குரல் வானத்தைப் பிளப்பதில்லை. இதை ஒரு விருந்தில் கேட்ட அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன், பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டு தாமே பாடினார். 1972இல் அது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. காந்திபுரம் கடைக்காரரை நான் மன்னித்தது இந்தச் செய்தியைப் படித்த அன்றுதான். 1994இல் மரியா கேரி பாடியபோது மறுபடியும் பிரிட்டனில் முதலிடம்.

அந்த ஆண்டில்தான் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மைத்துனர், காரில் மரியா கேரி கேசட்டைப் போட்டு, "இந்தப் பொண்ணு எழுதின பாட்டுதானுங்க மச்சான், என்னமா எழுதியிருக்கு பாருங்க" என்றார். நான் மூலப்பாட்டைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்துச் சற்று நேரம் பேசாமல் வண்டி ஓட்டியவர், "நம்ம கம்பெனி கதைதானுங்க. தைக்கிறது நாம, கழுத்துல லேபிள் வேற ஆளுது" என்றார். அதைவிடச் சுருக்கமாக இந்தக் குழுவைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நில்சனையும் மரியா கேரியையும் நான் குறை சொல்லவில்லை. இருவரும் பாட்டைக் கெடுக்கவில்லை. ஆனால் இருவருடைய பாட்டிலும் முன்னால் நிற்பது ஒற்றைக் குரல். இரண்டு ஆண்கள் ஒருவர் துக்கத்தை ஒருவர் தாங்கிப் பிடிப்பதுபோல் இருந்த மூலத்தின் அமைப்பு அதில் போய்விட்டது என்பது என் கருத்து. மைத்துனர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் கொடுப்பது 1971 டிசம்பரில் வந்த 'ஸ்ட்ரெய்ட் அப்'. அதன் பிறப்பே ஒரு கூத்து. ஜெஃப் எமரிக் தயாரித்த முதல் பதிவுகளை ஆப்பிள் ஏற்கவில்லை. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் பொறுப்பை எடுத்துக்கொண்டு சில பாட்டுகளை முடித்தார். இதற்குள் ரவிசங்கர் வங்காளதேச அகதிகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவரைக் கேட்க, ஹாரிசன் கச்சேரி ஏற்பாட்டுக்குப் போய்விட்டார். மிச்சத்தை டாட் ரண்ட்கிரன் என்ற அமெரிக்கர் வந்து இரண்டே வாரத்தில் முடித்தார். அந்த அரைகுறை வேலையிலிருந்து 'டே ஆஃப்டர் டே'யும் 'பேபி ப்ளூ'வும் வந்தன என்பது வியப்பு. 'டே ஆஃப்டர் டே'யில் ஸ்லைடு கிட்டாரை ஹாரிசனும் ஹாமும் சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். பியானோ லியான் ரசல். இரண்டு கிட்டார்களும் இரண்டு குரல்கள்போல இழைந்து போவதைக் கவனியுங்கள். ஹார்மனி என்பது தொண்டைக்கு மட்டும் உரியது அல்ல. இந்தப் பாட்டு அமெரிக்காவில் 4ஆம் இடத்தைத் தொட்டது.

1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த அந்தக் கச்சேரியிலும் இவர்கள் இருந்தார்கள். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் தொடங்கி வைத்த மேடை அது. ஹாரிசன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பாப் டிலன் என்று பெரிய தலைகள் நிற்க, இவர்களில் மூவர் ஓரத்தில் மரக் கிட்டார்களை மீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பாட்டுக்கு ஹாம் முன்னால் வந்து, ஹாரிசனோடு இரண்டு கிட்டார் மட்டுமாக, 'ஹியர் கம்ஸ் தி சன்' வாசித்தார். ரவிசங்கருக்காக அந்தக் கச்சேரித் தொகுப்பைத் தேடி வாங்கியவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்கள் எல்லோரும் ஹாமின் கிட்டாரைக் கேட்டிருக்கிறார்கள். வாசித்தது யார் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். இந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. மேலாளர் ஸ்டான் பாலியிடம் வரவு செலவை ஒப்படைத்துவிட்டு இவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்போல் வாழ்ந்தார்கள். 1973இல் ஆப்பிளுக்காகச் செய்த கடைசித் தட்டின் அட்டையில், தூரத்தில் தெரியும் கேரட்டைப் பார்த்துப் போகும் கழுதையை வரைந்து வைத்தது வேடிக்கைக்காக அல்ல. வார்னர் நிறுவனத்துக்காக 1974இல் செய்த 'விஷ் யூ வேர் ஹியர்' அவர்களுடைய மிகச் சிறந்த தட்டுகளில் ஒன்று. கணக்கில் இருக்க வேண்டிய பணம் காணவில்லை என்ற வழக்கில் நிறுவனம் அதைச் சில மாதங்களுக்குள் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. 1975இல் பிங்க் ஃபிளாய்ட் அதே பெயரில் ஒரு தட்டை வெளியிட, பெயரும் போயிற்று. 1975 ஏப்ரல் 24 அன்று, 28 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, ஹாம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1983 நவம்பரில், 'விதவுட் யூ' பாட்டின் உரிமைத்தொகைச் சண்டைகளுக்கு நடுவே, ஈவன்ஸும் அவ்வாறே போனார். அந்த ஆண்டுதான் நான் பச்சை மைக் கேசட்டை வாங்கினேன் என்பதை நெடுநாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஒருமாதிரி ஆகிவிட்டது. கிப்பின்ஸ் 2005இலும் மோலண்ட் 2025 மார்ச்சிலும் காலமானார்கள்.

இளையவர்களின் நினைவு வேறு மாதிரி. 2013 செப்டம்பரில் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் 'பேபி ப்ளூ' ஒலித்த பிறகு, அதுவரை நான் எத்தனை முறை சொல்லியும் காதில் வாங்காத என் அக்காள் மகன் பெருந்துறையிலிருந்து போன் செய்து, "மாமா, நீங்க சொல்ற ஆளுங்கதானுங்களா இது?" என்றான். ஆமாம் என்றேன். அதன்பின் அவனும் நண்பர்களும் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போய், ஏற்றுமதி மிச்சச் சட்டைக் குவியலில் தேடினார்கள். எத்தனையோ குழுக்களின் படம் போட்ட டி-ஷர்ட்கள் அங்கே கிடைத்தன. பேட்ஃபிங்கர் சட்டை ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை.

நீங்கள் மூவர் பாடுவதால், எங்கே தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நோ மேட்டர் வாட்' ஏ மேஜரில் இருக்கிறது. கிட்டாரில் கை வைக்க எளிது. மெட்டுக்காரர் முதலில் ஒரு வாரம் தனியாகப் பாடிப் பழகட்டும். மேல்குரல்காரர் பதிவைக் கேட்டு, அந்த வழியை மட்டும், மெட்டு காதில் விழாமல், மனப்பாடம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் மெட்டுக்குள் வழுக்கி விழுவார், எல்லோரும் விழுகிற குழி அது. மூன்றாமவர் பாடாமல் இருக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்ளட்டும். அது கைவந்த பிறகு 'டே ஆஃப்டர் டே'க்குப் போகலாம். 'விதவுட் யூ'வைக் கடைசிக்கு வையுங்கள். எடுத்தால் நில்சன் மாதிரிக் கத்தாமல், மூலத்தில் இருக்கிறபடி இருவராகப் பாடுங்கள்.

மேல்குரல் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அன்றைக்கு இந்தக் குழுவின் பாட்டையே எடுக்க வேண்டாம். 1988இல் பொள்ளாச்சியில் ஒரு நண்பனின் கல்யாண வரவேற்பில் நாங்கள் 'நோ மேட்டர் வாட்' பாடினோம். நூற்பாலை நண்பன் இரண்டு இரவு ஷிப்ட் முடித்து, தொண்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு நேராக மண்டபத்துக்கு வந்திருந்தான். இரண்டாவது வரியிலேயே அவன் குரல் உடைந்துபோக, நான் மெட்டை விட்டுவிட்டு அவனுடைய வழியைப் பிடிக்கப் பார்த்தேன். அவனோ எனக்கு உதவுவதாக நினைத்து என் மெட்டைப் பிடித்துக்கொண்டான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய்மாமன், பாதிப் பாட்டில் எழுந்து வந்து, மிகுந்த மரியாதையோடு, "பாட்டு முடிஞ்சுதுங்களா தம்பி? பந்தி போட்டாச்சுங்க" என்றார்.